ஓர் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்

மலேரியா மருந்துச் சோதனையில் ஈடுபட்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியைப் பற்றித்தான் இந்த மடல். ஓர் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, சோதனைக்கூடத்தில் வளர்த்த மலேரியா ஒட்டுண்ணிகளில் அதைச் சேர்க்கிறீர்கள். 48 மணி நேரம் கழித்து ஓர் எண் கிடைக்கிறது. ஒட்டுண்ணியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு அது. உங்கள் வழக்கில் ஐ.சி.50. அந்த ஓர் எண்ணை வைத்து, இந்தத் தாவரத்திலிருந்து மலேரியாவுக்குப் புதிய மருந்து கிடைக்கலாம் என்று கட்டுரையை முடிக்கிறீர்கள். பிறகு அடுத்த இலைக்குப் போய்விடுகிறீர்கள்.

முந்தைய இலை என்ன ஆயிற்று? அதில் ஒட்டுண்ணியைக் கொன்ற மூலக்கூறு எது? மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணியையும் அது கொல்லுமா? மனித உயிரணுக்களை விட்டுவைக்குமா? இவற்றைக் கேட்க ஆளில்லை. கட்டுரை அச்சேறிவிட்டது, பட்டமும் கிடைத்துவிட்டது. மலேரியாவுக்கு மூலிகை மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாக எங்கோ ஒரு செய்தியும் வந்துவிடுகிறது. எல்லா ஆய்வாளர்களும் இப்படி இல்லை. ஆனால், பாதியில் கைவிடப்பட்ட இத்தகைய கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிந்துகொண்டே இருக்கின்றன. அதைத்தான் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நோக்கம் அல்ல. ஒட்டுண்ணி வளர்ப்பு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை, பொங்கல் பார்ப்பதில்லை. நாள்தோறும் ஊடகத்தை மாற்ற வேண்டும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, ஜீம்சா சாயமேற்றி, எண்ணெய் விட்ட லென்சுக்கு அடியில் ஒட்டுண்ணிகளை எண்ண வேண்டும். இளஞ்சிவப்பு அணுவுக்குள் நீல வளையமும் அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளியுமாகத் தெரிவது இளம் ஒட்டுண்ணி. அதைத் தவறவிடாமல் இனங்காணும் கண் பல மாதப் பழக்கத்தில்தான் வாய்க்கும். இவ்வளவு சிரமப்பட்டுப் பெற்ற திறமை ஒரே ஓர் எண்ணுக்காகச் செலவாகிறதே என்பதுதான் வருத்தம்.

ஒட்டுண்ணி வளர்ப்பு என்னும் இந்தக் கருவி எளிதில் கைக்கு வந்ததும் இல்லை. 1976-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் பால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணியை மனிதச் சிவப்பணுக்களில் இடைவிடாமல் வளர்த்துக் காட்டினார்கள். வளர்ப்புத் தட்டுகளைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடினார்கள். சுடர் தானே அணையும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியிருக்கும். ஒட்டுண்ணிக்குப் பிடித்த காற்று அதுதான். அதுவரை மருந்து தேடியவர்கள் பறவைகளையும் எலிகளையும் குரங்குகளையும் நம்பியிருந்தார்கள். மனிதரைக் கொல்லும் ஒட்டுண்ணியை மேசை மேல் வைத்து நேரடியாகக் கேள்வி கேட்கும் வசதி அந்த ஜாடியிலிருந்து தொடங்கியது. ஆகவே உங்களைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த ஒட்டுண்ணியிடம் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்?

நீங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 3டி7 வகையை எடுத்துக்கொள்வோம். அதன் தாய் வகை என்.எஃப்.54. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகே வசித்த ஒருவருக்கு வந்த மலேரியாவிலிருந்து அது கிடைத்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் அதை வளர்ப்புக்குப் பழக்கிய குழுவின் 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் ஆசிரியராக டி. பொன்னுத்துரை என்ற தமிழ்ப் பெயரைக் காணலாம். 2002-ல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இந்த 3டி7-க்குத்தான். உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் நல்ல அளவுகோல் அது. ஆனால் குளோரோகுயினுக்கு எளிதில் அடங்கும் வகை. அசாமில் குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரம் 1973-லேயே பதிவாகிவிட்டது. அதற்குப் பின் அரை நூற்றாண்டு கடந்தும், அடங்கும் வகையை மட்டும் கொன்றுவிட்டு வெற்றி என்று எழுதுவதில் என்ன நியாயம் இருக்கிறது? மருந்து தேவைப்படுவது அடங்காத ஒட்டுண்ணிக்குத்தானே?

நீண்ட காலம் வளர்ப்பில் கிடக்கும் ஒட்டுண்ணிகள் மாறியும் போகின்றன. குரோமோசோமின் சில துண்டுகளை இழந்து, கொசுவுக்குத் தாவும் பாலணுப் பருவத்தை உண்டாக்கும் திறனையும், இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் திறனையும் கைவிட்டுவிடும் வகைகள் உண்டு. அவை நோயாளியின் உடலிலிருக்கும் ஒட்டுண்ணியின் முழுப் பிரதி அல்ல.

அடுத்தது, இன்னும் முக்கியமானது. உங்கள் தட்டில் ஒட்டுண்ணி செத்தது உண்மையிலேயே உங்கள் சாற்றின் மருந்துக் குணத்தாலா?

சிவப்பணுவைக் கரைத்து ஒட்டுண்ணியை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் நீங்கள் சப்போனின் சேர்ப்பீர்கள். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை கிளப்புவதும் சப்போனின்தான். எத்தனையோ மூலிகைகளில் அது நிறைந்திருக்கிறது. அத்தகைய சாற்றைத் தட்டில் விட்டால் சிவப்பணு உடையும். குடியிருக்கும் வீடே இடிந்த பிறகு ஒட்டுண்ணி வளராது. உங்கள் கருவி அதையும் ஒட்டுண்ணியைக் கொன்ற கணக்கில்தான் எழுதும். ஒட்டுண்ணி இல்லாத வெறும் சிவப்பணுக்களில் அதே சாற்றைச் சேர்த்துப் பார்த்தால் போதும், உண்மை ஒரே நாளில் தெரிந்துவிடும். பல கட்டுரைகளில் அந்த ஒரு நாள் வேலை இல்லை.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பானும் அளவு மீறினால் ஒட்டுண்ணியைக் கொல்லும். ஒட்டுண்ணியின் டிஎன்ஏ-வில் ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கொண்டு வளர்ச்சியை அளக்கும் முறை 2004 முதல் பரவலாகிவிட்டது. அது மலிவானது, விரைவானது. ஆனால் இலையின் பச்சையமும் மஞ்சளின் குர்குமினும் தாமே ஒளிரக்கூடியவை. நிறமேறிய சாறு கருவியின் வாசிப்பைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அந்த நேரத்தில் ஜீம்சா தகட்டை எடுத்துக் கண்ணால் எண்ணிச் சரிபார்ப்பதுதான் ஒரே வழி. மாதக் கணக்கில் பழகிய உங்கள் கண்ணுக்கு அப்போதுதான் வேலை.

மனித உயிரணுக்களைப் பற்றியும் கேட்க வேண்டும். உலக அளவில் மலேரியா மருந்து தேடுபவர்கள் ஒரு மூலக்கூற்றைத் தொடர்ந்து ஆராயத் தகுந்தது என்று ஏற்பதற்குச் சில வரம்புகள் வைத்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்கும் வகை, அடங்காத வகை இரண்டையும் 1 மைக்ரோமோலாருக்குக் குறைவான செறிவில் அது தடுக்க வேண்டும். மனித உயிரணுவுக்குத் தீங்கு செய்யும் செறிவு அதைப்போல் 10 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். இந்த வரம்பின் பக்கத்தில்கூட வராத சாறுகளை நம்பிக்கை தருவதாக எழுதும்போது, அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகிறது. நாளை உண்மையிலேயே நம்பிக்கை தரும் ஒன்று உங்கள் கையில் கிடைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு சோதனை தவறான கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் கம்போடியாவில் பார்த்தது. 2009-ல் வெளியான ஆய்வில், மேற்குக் கம்போடியாவின் பைலின் நகரத்திலும் தாய்லாந்தின் வாங் பா என்ற ஊரிலும் தலா 40 நோயாளிகளை ஒப்பிட்டார்கள். ஆர்ட்டிமிசினின் வகை மருந்தான ஆர்ட்டிசுனேட் கொடுத்த பிறகு இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைய வாங் பாவில் 48 மணி நேரம் ஆயிற்று. பைலினில் 84 மணி நேரம். மருந்து வலுவிழந்துகொண்டிருப்பது நோயாளிகளிடம் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் அப்போது வழக்கத்திலிருந்த சோதனைக்கூட முறை அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. ஐ.சி.50 கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. வழக்கமான சோதனையில் ஒட்டுண்ணி இரண்டு மூன்று நாள் மருந்திலேயே கிடக்கிறது. உடலில் ஆர்ட்டிமிசினின் வகை மருந்து சில மணி நேரத்தில் கரைந்து போய்விடும். பைலினின் ஒட்டுண்ணிகள் இளம் வளையப் பருவத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, அந்தச் சில மணி நேரத்தைக் கடந்து, மறுபடி விழித்துக்கொண்டன. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சோதனையும் உடலைப் போலவே நடக்க வேண்டும். கம்போடியாவின் பாஸ்டர் நிறுவனத்தில் விட்கோவ்ஸ்கி, மெனார் முதலானோரின் குழு 2013-ல் அதைச் செய்தது. அணுவுக்குள் நுழைந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத வளையங்களை எடுத்து, 700 நானோமோலார் செறிவில் ஆறு மணி நேரம் மட்டும் மருந்தில் வைத்து, கழுவிவிட்டு, 72-ஆம் மணி நேரத்தில் பிழைத்தவற்றை எண்ணினார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிழைத்தால் அது மருந்தெதிர்ப்பு. மறு ஆண்டே, சோதனைக்கூடத்தில் ஐந்து ஆண்டுகள் ஆர்ட்டிமிசினினுக்கு உட்படுத்தி வளர்த்த ஒரு தான்சானியா ஒட்டுண்ணியின் துணையோடு அந்த மருந்தெதிர்ப்போடு தொடர்புடைய கே13 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. இன்று ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் எரித்ரியாவிலும் மருந்தெதிர்ப்பைக் கண்காணிப்பவர்கள் அந்த மரபணுவைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றியதும் அதே தட்டு, அதே இரத்தம், அதே ஒட்டுண்ணி வேறொரு பதிலைச் சொன்னது.

வேறு சான்றுகளும் உண்டு. டாக்ஸிசைக்ளினை 48 மணி நேரச் சோதனையில் பார்த்தால் சாதாரண மருந்தாகத் தெரியும். அது ஒட்டுண்ணியின் அபிகோபிளாஸ்ட் என்ற உறுப்பைத் தாக்குகிறது. அதன் விளைவு அடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும். 96 மணி நேரம் காத்திருந்தவர்களுக்கே அதன் வலு தெரிந்தது. புரோகுவானில் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே முழு வீச்சில் வேலை செய்கிறது. கல்லீரல் இல்லாத தட்டில் அது சோடை போகும். பிரிமாகுயினும் அப்படித்தான். பைரிமெத்தமின், சல்ஃபடாக்சின் போன்ற மருந்துகளை வழக்கமான ஊடகத்தில் சோதித்தால், அதிலிருக்கும் ஃபோலிக் அமிலமே ஒட்டுண்ணிக்குத் துணை நின்று மருந்தை வலுவற்றதாகக் காட்டிவிடும். உங்கள் முறை அப்படியே பின்பற்றப்பட்டிருந்தால் இந்த மருந்துகளில் சில குப்பைக்குப் போயிருக்கும். நல்ல மருந்தைத் தள்ளிவிடுவதும் தவறுதான், ஆகாததைத் தூக்கிப்பிடிப்பதும் தவறுதான்.

உங்கள் கட்டுரைகளின் முன்னுரையில் தவறாமல் வரும் பெயர், ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த சீன ஆய்வாளர் டூ யூயூ. அவரைக் குறிப்பிடுவதில் தப்பில்லை; அவர் செய்ததையும் முழுதாகப் பாருங்கள். அவருடைய குழு சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எலிகளில் சோதித்தது. ஆர்ட்டிமிசியா சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. அவர் அடுத்த மூலிகைக்குத் தாவிவிடவில்லை. கொதிக்கும் சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971-ல் எலிகளில் முழு வெற்றி. மறு ஆண்டு தூய படிகமாக மூலக்கூற்றையே பிரித்தெடுத்தார்கள். பாதுகாப்பானதுதானா என்று பார்க்க அவரும் உடன் பணியாற்றியவர்களும் சாற்றைத் தாங்களே உட்கொண்டார்கள். 2015-ல் கிடைத்த நோபல் பரிசு முதல் எண்ணுக்காகக் கொடுக்கப்பட்டது அல்ல, அதன் பிறகு நடந்த அத்தனைக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. பத்மநாபன், பி. என். ரங்கராஜன் குழுவினர் 2005-ல் குர்குமினை எடுத்துக்கொண்டார்கள். குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரத்தை அது சுமார் 5 மைக்ரோமோலார் செறிவில் தடுத்தது. அவர்கள் அதோடு நிறுத்தாமல், நோயுற்ற எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, உயிர் பிழைப்பதையும் கணக்கெடுத்தார்கள். குர்குமின் நீரில் எளிதில் கரையாது, குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகும் என்ற தடை இன்னும் இருக்கிறது. அந்தத் தடை என்னவென்று நமக்குத் தெரிந்திருப்பதே பலரும் அடுத்தடுத்த கேள்விகளைக் கேட்டதால்தான். தட்டில் கொல்லும் செறிவு நோயாளியின் இரத்தத்தில் எட்டுமா என்பதை ஒரு பத்தியாவது எழுதாத கட்டுரையில் மருந்து என்ற சொல்லுக்கு இடமில்லை.

இயற்கைப் பொருள்களிலிருந்து தொடங்கிச் சரியாகப் போன இன்னொரு பயணம் சிபார்காமின் என்ற மருந்து மூலக்கூறினுடையது. சிங்கப்பூரில் நோவார்ட்டிஸ் ஆய்வகம் சுமார் 12,000 தூய இயற்கைப் பொருள்களையும் அவற்றையொத்த மூலக்கூறுகளையும் வளர்ப்பு ஒட்டுண்ணியில் சலித்தபோது அதற்கான தொடக்கப்புள்ளி கிடைத்தது. பிறகு ஒட்டுண்ணிகளை அந்த மருந்திலேயே மாதக்கணக்கில் வளர்த்து, அடங்காதவை தோன்றியதும் அவற்றின் மரபணுக்களைப் படித்து, மருந்து எங்கே தாக்குகிறது என்று கண்டார்கள். ஒட்டுண்ணியின் சோடியத்தை வெளியேற்றும் பி.எஃப்.ஏ.டி.பி.4 புரதம்தான் அந்த இடம். 2010-ல் அது வெளியானது. வளர்ப்பு ஒட்டுண்ணியை அளவுகோலாக மட்டும் பாராமல் துப்பறியும் கருவியாகவும் பயன்படுத்தினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள்; அங்கு இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிறையாத குழந்தைகள். கையிலிருக்கும் மருந்து அங்கே வலுவிழக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மருந்து நாளை வேண்டும்.

நம் ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை போன்ற நகரத்தில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் கொசு பரப்புவது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. நீங்கள் வளர்ப்பது பால்சிபாரம். வைவாக்ஸ் முதிராத இளம் சிவப்பணுக்களை மட்டுமே நாடுவதால் அதைச் சோதனைக்கூடத்தில் இடைவிடாமல் வளர்க்கும் வழி இன்னும் கைகூடவில்லை. கல்லீரலில் உறங்கிக்கிடந்து மாதங்கள் கழித்து எழும் அதன் குணத்தை உங்கள் தட்டு காட்டாது. அதனால்தான் வைவாக்ஸ் நோயாளிக்குக் குளோரோகுயினுடன் 14 நாள் பிரிமாகுயினும் கொடுக்கிறார்கள். மலேரியாவுக்கு மூலிகை மருந்து என்ற செய்தியைப் படித்தவர் காய்ச்சல் விட்டதும் அந்த 14 நாளை முடிக்காமல் கஷாயத்துக்கு மாறினால் நோய் திரும்பும். ஆர்ட்டிமிசியா செடியிலிருந்தே ஆர்ட்டிமிசினின் வந்தபோதும், அதன் இலைத் தேநீரை மலேரியாவுக்கு ஆதரிக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இலையில் மருந்தின் அளவு நிலையாக இல்லை. குறைந்த அளவு நோயை முழுதாகத் தீர்க்காது, மருந்தெதிர்ப்பையும் வளர்க்கும். உங்கள் சாற்றுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, மாணவர்களே, உங்களிடம் கேட்பது இவைதான். 3டி7-உடன் மருந்துக்கு அடங்காத ஒரு வகையையேனும் சேர்த்துச் சோதியுங்கள். டிடி2, டபிள்யூ2 போன்றவை உலக ஒட்டுண்ணிச் சேமிப்பகங்களில் கிடைக்கின்றன. டெல்லியில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் இந்திய ஒட்டுண்ணிகளுக்கென ஒரு வங்கியை நடத்துகிறது. வெறும் சிவப்பணுவிலும் மனித உயிரணுவிலும் அதே சாற்றைப் பாருங்கள். கருவியின் எண்ணைத் தகட்டில் எண்ணிச் சரிபாருங்கள். 48 மணி நேரத்தோடு 96 மணி நேரத்தையும் பாருங்கள். தேறிய ஒரு சாற்றை எடுத்து, கொன்ற மூலக்கூறு எது என்று தெரியும்வரை விடாதீர்கள். ஐந்து இலைகளுக்கு ஐந்து கட்டுரை எழுதுவதைவிட ஓர் இலையின் முழு வரலாற்றை எழுதுவது பயனுள்ளது.

நெறியாளர்களே, மாணவர் இதைச் செய்ய நேரமும் நிதியும் தர வேண்டியவர்கள் நீங்கள். வேதியியல் துறையிலிருந்து ஒருவரைத் தொடக்கத்திலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாத சாறுகளின் பட்டியலையும் வெளியிடுங்கள். இன்னொரு கல்லூரியில் இன்னொரு மாணவர் அதே இலையில் இரண்டு ஆண்டுகளை இழக்காமல் இருப்பார். கிளாக்சோஸ்மித்க்ளைன் என்ற வணிக நிறுவனமே சுமார் 20 லட்சம் மூலக்கூறுகளைச் சலித்து, பால்சிபாரத்தைத் தடுத்த 13,533 மூலக்கூறுகளின் அமைப்பை 2010-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவுகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கலாகாது.

இருவருக்கும் சேர்த்து இறுதியாக ஒரு வேண்டுகோள். விலங்குச் சோதனையும் நச்சுத்தன்மைச் சோதனையும் முடியும்வரை செய்தியாளர்களிடம் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். அவர்களே கேட்டு வந்தால், சோதனைக்கூடத்தில் பால்சிபாரத்தின் வளர்ச்சியை இந்தச் சாறு இந்த அளவில் தடுத்தது, மனிதருக்குப் பயன்படுமா என்று இன்னும் பார்க்கவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை உங்கள் அடுத்த கட்டுரையின் கடைசிப் பத்தியிலும் எழுதுங்கள். அதன் கீழே, விடுபட்ட சோதனைகளை எப்போது, யார் செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.